இரண்டு செவ்விளநீர்

கண்ணாடிவிரியன் கடித்துப் பிழைத்த மனிதரைப் பார்க்க வேண்டும் என்று இன்னும் யாராவது சிதம்பரத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். காலைக் காட்டச் சொல்கிறார்கள். காட்டுகிறேன். கணுக்காலுக்கு மேலே இரண்டு தழும்பு, சுற்றிலும் கறுத்துச் சுருங்கிய தோல். வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு, பாம்பு எவ்வளவு நீளம் என்று கேட்கிறார்கள். பாம்பு என்னை அவ்வளவாகப் படுத்தவில்லை என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதற்குப் பிறகு வந்த அலுப்புதான் என்னைக் கொல்லப் பார்த்தது. நானும் அதற்கு உடந்தையாக இருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் விவசாயக் கல்லூரியில் படித்தவன். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு ஆபீசராக ஓய்வு வயதுவரை வேலை பார்த்தேன். எந்த வயலுக்கு என்ன உரம், எப்போது வெட்டு என்று குடியானவர்களுக்குச் சொல்வது என் வேலை. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது, ஆட்சி மாறிய அந்த வருஷம், கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வயலை நாலு பக்கமும் வெட்டிக்கொண்டே உள்ளே போவார்கள். கடைசியில் நடுவே நிற்கும் சில வரிசைகளில், அந்த வயலில் இருந்த எலி, கீரி, பாம்பு எல்லாம் வந்து ஒதுங்கிவிடும். தகரத்தைத் தட்டி, சத்தம் போட்டு, சற்றுப் பொறுத்துத்தான் அதில் கால் வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் கால் வைத்தேன்.

கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விஷமுறிவு ஊசி போட்டார்கள். கால் யானைக்கால் போல் வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்து, பிறகு எல்லாம் வடிந்தது. பிழைத்துவிட்டேன் என்று என் மனைவி தனம் எல்லோருக்கும் கார்டு எழுதிப் போட்டாள். அப்போதுதான் சிறுநீர் நின்றுபோனதைக் கவனித்தோம்.

டாக்டர் இளைஞர். வெளியூரில் பெரிய இடத்தில் பயிற்சி பெற்று வந்திருந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தனத்துக்கும் புரியும்படி சொன்னார்.

"ரத்தத்துல இருக்கிற அழுக்க வடிகட்டறது கிட்னிம்மா. விஷம் பட்டு ரெண்டும் மயங்கிக் கெடக்கு. செத்துடல. தானா முழிச்சுக்கும். முழிக்கிற வரைக்கும் அதோட வேலைய நாமதான் செய்யணும்."

"எப்ப முழிக்கும் டாக்டர்?"

"அத மட்டும் கேக்காதீங்க."

அந்த வேலைக்கு டயாலிசிஸ் என்று பெயர் சொன்னார். நான் அப்போதுதான் முதல்முறை அந்தச் சொல்லைக் கேட்டேன். மெஷின் எதுவும் இல்லை. தொப்புளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, சிறிதாகக் கீறி, விறைப்பான ஒரு குழாயை வயிற்றுக்குள் அழுத்தி இறக்குவார்கள். மரத்துப்போவது தோல்தான், உள்ளே குழாய் துளைத்துக்கொண்டு போவது தெரியும். மருந்துத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, கொம்பில் தொங்கும் பாட்டில்களிலிருந்து வயிற்றுக்குள் விடுவார்கள். குடலைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறதாம். அதன் வழியாக ரத்தத்தின் கழிவு அந்தத் தண்ணீரில் இறங்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே பாட்டில்களைத் தரையில் வைத்தால் தண்ணீர் வடிந்து வரும். கொட்டிவிட்டுப் புது பாட்டில். இப்படி ஒரு பகல், ஒரு இரவு, மறுபடியும் ஒரு பகல். மல்லாந்து கிடக்க வேண்டும், புரளக் கூடாது. வயிறு நிறைந்திருக்கும்போது மூச்சு முட்டும். வடிந்ததும் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். பிறகு சில நாள் ஓய்வு. ரத்தத்தில் மறுபடியும் கழிவு ஏறியதும் மறுபடியும் குழாய்.

அந்தப் பாட்டில்கள் கடலூரில் கிடைக்காது. மதராஸிலிருந்து கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவன் என் மச்சான் கோவிந்தராஜு. தனத்தின் தம்பி. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறான். கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறிப் போவான். கூடையில் வைக்கோல் பரப்பி, பாட்டில்களை அடுக்கி, கூடையைத் தரையில் வைத்தால் உடைந்துவிடும் என்று மதராஸிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வருவான்.

"ரயில்ல ஒருத்தன் கேக்கறான் மாமா, கூடையில என்னா சாராயமான்னு. ஆமாய்யா, எங்க மாமா வாயால குடிக்க மாட்டாரு, வயித்துல ஓட்ட போட்டு ஊத்திக்குவாருன்னேன். எடம் விட்டு நகந்து உக்காந்துட்டான்!"

சிரித்தால் குழாய் குத்தும். "சும்மா இருடா" என்று தனம் அவன் முதுகில் தட்டுவாள்.

சாப்பாட்டில் உப்பு கிடையாது. பழம் கிடையாது. குடிக்கத் தண்ணீர், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று சிஸ்டர் பிலோமினா டம்ளரில் அளந்து வைப்பார். முக்கியமாக இளநீர் கூடாது என்றார் டாக்டர். தனத்துக்கு அது புரியவே இல்லை. நம் ஊரில் சிறுநீர்க் கடுப்பு என்றால் முதலில் இளநீர்தானே வெட்டுவோம்? நோயாளியைப் பார்க்க வருகிறவர் கையில் இளநீர் இல்லாமல் வருவாரா?

"அதுல பொட்டாசியம் ஜாஸ்திம்மா. கிட்னி வேல செஞ்சா வெளிய போயிடும். இவருக்குப் போற வழி இல்ல. ஏறினா நெஞ்சத் துடிக்க விடாது."

தனத்துக்கு விளங்காவிட்டால் பரவாயில்லை. எனக்கு விளங்கியது. கரும்புக்கும் தென்னைக்கும் பொட்டாஷ் போடுங்கள் என்று ஆயுசு முழுக்க ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவன் நான். தென்னை அதை எவ்வளவு உறிஞ்சும், எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று எனக்குத் தெரியாதா?

குடும்பம் முழுவதும் என் சிறுநீருக்காகக் காத்திருந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடிக் குடுவை. வருகிறவர்கள் முதலில் அதைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்ப்பார்கள். "வந்துதா?" என்று கேட்பார்கள். "இல்ல" என்று தனம் சொல்வாள். மகனுக்கு உத்தியோக உத்தரவு வந்ததா என்று கேட்பதுபோல் இருக்கும்.

இனி அந்த அலுப்பைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு அடுத்த கட்டிலில் தேவனாம்பட்டினத்து மீனவர் தேசிங்கு இருந்தார். வாந்திபேதி கண்டு உடம்பில் நீர் வற்றி அவருக்கும் சிறுநீரகம் மயங்கியிருந்தது. அவருக்கும் என்னைப் போலவே குழாயும் பாட்டிலும். அவர் சொன்னதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

"வல இழுத்த அலுப்பு தூங்குனா பூடும் சார். இது அப்படியில்ல. நான் தூங்கறேன், அதுவும் தூங்குது. நான் எழுந்தா, எனக்கு முன்னாடி எழுந்து உக்காந்துனு இருக்குது."

அப்படித்தான் இருந்தது. குழாயை எடுத்த பிறகு வரும் நாட்களில், உடம்பில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் தலையணையில் தலையைத் திருப்ப யோசிக்க வேண்டும். தனம் பேசினால், பதில் சொல்ல வேண்டுமே என்று கண்ணை மூடிக்கொள்வேன். செய்தித்தாளில் ஒரு வரி படித்தால் அடுத்த வரிக்குப் போகும் முன் முதல் வரி மறந்துபோகும். அலுப்பு உடம்பில் தொடங்கி மனதில் போய் முடிகிறதா, அங்கே தொடங்கி இங்கே வருகிறதா என்று தெரியவில்லை. எதன்மேலும் ஆசை இல்லை, பயமும் இல்லை. என் பிள்ளைகளின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். யாரோ வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள்.

வந்தவர்கள் புத்தி சொன்னார்கள். "படுத்தே கெடந்தா சோம்பல்தான் வரும், எழுந்து நாலு நட நடங்க." "மனசுதான் சார் எல்லாம்." "ஆண்டவன் போட்ட கணக்கு." இவர்களையெல்லாம் எழுந்து அறைய வேண்டும் என்று தோன்றும். கை எழாது. அவர்கள் தப்பித்தது அதனால்தான்.

ஒரு காலை தேசிங்குவின் கட்டிலில் கூச்சல். தலையைத் திருப்பிப் பார்க்கிறேன், அவர் குடுவையைத் தேர்தலில் ஜெயித்தவர்போல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"வந்துட்ச்சு சார்! பாருங்க, பாருங்க!"

பார்த்தேன். அரைக் குடுவைக்கு மேல் இருந்தது. "ரொம்ப சந்தோஷம்" என்றேன். எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. அந்தக் குடுவை அவர் கையிலிருந்து விழுந்து உடைய வேண்டும் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கட்டில் உறையைக்கூட மாற்றாமல் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்குச் சிறுநீர் திறக்காது என்று முடிவு செய்துவிட்டேன்.

டாக்டர் வந்து, நாளை மறுநாள் மறுபடியும் குழாய் என்றார்.

"வேணாம் டாக்டர். போதும்."

"வலிக்குதா?"

"வலிக்கல. அலுத்துப்போச்சு."

"மனசத் தேத்திக்குங்க சார். படிச்சவரு நீங்க." நல்லவர்தான். ஆனால் அலுப்புக்கு அவரிடம் பாட்டில் இல்லை.

மறுநாள் தனம் வீட்டைப் பார்த்துவிட்டு வரச் சிதம்பரம் போனாள். பகலில் கோவிந்தராஜு எனக்குத் துணை இருந்தான். நல்ல வெயில். அளந்து வைத்த தண்ணீர் காலையிலேயே தீர்ந்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே ரோட்டோரம் ஒரு வண்டியில் இளநீர் குவித்து வைத்திருந்தார்கள்.

"மச்சான், ஒரு இளநீர் வாங்கிட்டு வா."

அவன் என்னைப் பார்த்தான். "டாக்டர் குடிக்கலாம்னாரா, மாமா?"

"நேத்து கேட்டேன். சரின்னார்."

எவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது! அவன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்காக ரயிலில் கூடையைச் சுமந்தவனுக்கு, நான் ஆசைப்பட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓடினான். சாதாரண இளநீர் வேண்டாம் என்று மார்க்கெட் வரைக்கும் சைக்கிளில் போய், இரண்டு செவ்விளநீர் கொண்டுவந்தான்.

"சூட்டுக்கு இதான் மாமா நல்லது. நீர்த் தாரையத் தொறந்து விட்டுடும்."

ஒரு கையால் என் தலையைத் தூக்கி, மறு கையால் புகட்டினான். வாய் ஓரம் வழிந்ததைத் தன் துண்டால் துடைத்தான். இரண்டையும் குடித்தேன். தாகத்துக்குக் குடித்தேனா, போய்விடலாம் என்று குடித்தேனா என்று என்னையே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். தாகம் இருந்தது உண்மை. தாகம் மட்டும் என்று சொன்னால் அது இரண்டாவது பொய்.

மாலைக்குள் கைகால் ஈயமாகக் கனத்தது. நெஞ்சு ஒரு துடிப்பு துடித்து, அடுத்த துடிப்புக்கு யோசித்தது. சிஸ்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓடினார். டாக்டர் கைநரம்பில் கால்சியம் ஊசியை ஏற்றிக்கொண்டே கத்தினார்.

"என்னா கொடுத்தீங்க? யார் கொடுத்தது?"

கட்டிலுக்குக் கீழே இரண்டு இளநீர்க் கூடுகள் கிடந்தன. கோவிந்தராஜு என் முகத்தைப் பார்த்தான். நான் நினைவோடுதான் இருந்தேன். பேசவும் முடிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான்தான் சார்," என்றான் அவன்.

"அறிவிருக்கா உனக்கு? எத்தன தடவ சொன்னேன்? கொன்னுட்டியேய்யா மனுஷன!"

அந்த நேரத்தில் தனம் பையோடு உள்ளே வந்தாள். நடந்ததைக் கேட்டதும் பையைப் போட்டுவிட்டுத் தம்பியின் சட்டையைப் பிடித்தாள். "எம் புருஷன சாகடிக்கவாடா உன்ன காவல் வெச்சிட்டுப் போனேன்? எங்கண்ணு முன்னால நிக்காத, போ!"

அவன் போனான். உடனே எனக்குக் குழாய் இறக்கினார்கள். இருந்த பாட்டில்கள் போதாது என்று டாக்டர் சிஸ்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. யார் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள், பாட்டில்கள் தீரப்போகும் நேரத்தில், கோவிந்தராஜு கூடையோடு வாசலில் நின்றான். யாரும் சொல்லாமலே மதராஸ் போய் வந்திருக்கிறான். தனம் அவன் முகத்தைப் பார்க்காமல் கூடையை வாங்கிக்கொண்டாள். அவன் வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான்.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. என் மேல் வந்த கோபம்தான். ஆனால் பல வாரங்களில் எனக்குள் எழுந்த முதல் உணர்ச்சி அது. அலுப்பு அப்படியே இருந்தது. அதன் அடியில் கிடந்த நான் கொஞ்சம் புரண்டு படுத்தேன். டாக்டரைக் கூப்பிட்டு, "எத்தன தடவ வேணும்னாலும் குழாய் போடுங்க. நான் வேணாம்னு சொன்னா காதுல வாங்காதீங்க," என்றேன். அந்தக் கோபத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உயிர் வேண்டும் என்று வந்ததும் மானமும் வேண்டும் என்று வந்துவிட்டது.

அன்றிலிருந்து அலுப்போடு சண்டை போட்டேன். அதை ஜெயிக்க முடியாது. ஆனால் அது கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. நானே சவரம் செய்துகொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒரு நாள் இடது கன்னம் முடிந்ததும் கை விழுந்துவிடும். மறுநாள் வலது கன்னம். பாதி முகம் வழவழவென்றும் பாதி முகம் முள்ளாகவும் டாக்டர் முன் உட்கார்ந்திருப்பேன். "எந்தப் பக்கத்து சாரோட பேசறது?" என்பார். "முள்ளு இருக்கிற பக்கம்தான் உயிரோட இருக்கு," என்பேன். எழுந்து நட என்று சொன்னவர்களிடம், "நான் இன்னிக்கு ஒரு கன்னம் செரச்சிருக்கேன், நீங்க என்னா பண்ணினீங்க?" என்று கேட்டேன். அதன்பின் அவர்கள் வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்தக் குழாய் போட நேர்ந்தால், ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த அலுப்பு சோம்பல் அல்ல. வெறுத்துப்போவது கோழைத்தனமும் அல்ல. ரத்தத்தில் ஏறிய கழிவு மனதையும் விட்டுவைப்பதில்லை. போய்விடலாம் என்று தோன்றினால், வெட்கப்படாமல் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் இளநீர் கேட்டேன்.

ஒரு காலை குடுவையில் காபிக் கரண்டி அளவு சிறுநீர் இருந்தது. தனம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அழுதாள். சில நாட்களில் குடுவை போதாமல் வாளி வைத்தார்கள். வீட்டுக்கு வந்தேன். நடக்கப் பல மாதம் ஆயிற்று.

கோவிந்தராஜுவுக்கு அதற்குள் பெயர் ஒட்டிவிட்டது. என் பிள்ளைகள் அவனை 'இளநீர் மாமா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு தெருவே அப்படிக் கூப்பிட்டது. கல்யாணப் பந்தியில் அவன் தண்ணீர்ச் செம்போடு வந்தால், "ஐயோ, இவரு கையாலயா? ஆஸ்பத்திரி பக்கத்துலதான இருக்கு?" என்று ஒருவர் சொல்ல, வரிசையே சிரிக்கும். அவனும் சிரிப்பான். நானும் சிரித்தேன். அதுதான் எல்லாவற்றிலும் கேவலமானது. தனம் தம்பியோடு பேச ஆரம்பித்தாள். ஆனால் எனக்கு வைக்கும் சாப்பாட்டை அவன் கையால் எடுத்துக் கொடுக்க விடமாட்டாள்.

இந்தத் தை மாதம் அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். கடலூரில் அவன் வீட்டிலேயே நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் கோவிந்தராஜு தட்டில் இளநீர் வைத்துக்கொண்டு எதிரே போனான். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் சம்பந்தியிடம், "பாத்துக் குடிங்க, ஏற்கெனவே ஒரு ஆளு போகப் பாத்தாரு," என்று என்னைக் காட்டி, கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி சிரித்துக்கொண்டே, எடுத்த இளநீரைத் தட்டில் திரும்ப வைத்தார். விளையாட்டுக்குத்தான் வைத்தார். கோவிந்தராஜு இந்தத் தடவை சிரிக்கவில்லை. மகள் கதவு ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றேன். "அந்தக் கதை பொய்," என்றேன். "டாக்டர் குடிக்கலாம்னு சொன்னார்னு நான்தான் இவன்கிட்ட பொய் சொன்னேன். குடிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். இவனுக்குத் தெரியாது. பழி வந்தப்ப கண்ண மூடிக்கிட்டேன்."

தனம்தான் பேசினாள். தாழ்ந்த குரலில், மற்றவர்கள் இல்லாததுபோலக் கேட்டாள்.

"அப்ப என்ன விட்டுட்டுப் போகத்தான் குடிச்சீங்களா?"

"ஆமா தனம்."

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீ ஏண்டா சொல்லல?"

"நீங்க கேட்டாதான? வந்த ஒடனே சட்டையப் புடிச்சிட்டீங்க." தட்டை இன்னும் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினான். "மாமா செத்திருந்தா பத்தாம் நாள் சொல்லிக்கலாம்னு இருந்தேன்க்கா. இவருதான் சாகலையே. பொழச்ச மனுஷன்கிட்ட போய் எப்படிக் கேக்கறது?"

பிறகு என் முன்னால் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. அவன் என்னை மன்னித்தான் என்று நான் எழுத மாட்டேன். அப்படி அவன் சொல்லவில்லை. சம்பந்தி திருப்பி வைத்த அதே இளநீரை எடுத்து என்னிடம் நீட்டினான். நான் கை நீட்டியதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"டாக்டர் குடிக்கலாம்னாரா, மாமா?"

"டாக்டரக் கேக்கல மச்சான். நான்தான் கேக்கறேன். கொடு."

கொடுத்தான். அத்தனை பேரும் பார்க்க, நின்றபடியே, கடைசிச் சொட்டுவரை குடித்தேன். சம்பந்தி தட்டிலிருந்து தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். என் வாய் ஓரம் வழிந்ததைத் துடைக்க இந்தத் தடவை அவன் துண்டு வரவில்லை. நானே துடைத்துக்கொண்டேன்.